உங்களுக்குத் தெரியுமா? மின்சார ரயிலும் மூச்சுமுட்டும் கூட்டமும்

காலை வேளையில் தாம்பரத்தில் ஏறினாலும் சரி, மும்பை தாதரில் ஏறினாலும் சரி, மின்சார ரயிலில் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. கூடுதல் ரயில் விடுவதும் நடைமேம்பாலத்தை அகலமாக்குவதும் ரயில்வேயின் பொறுப்பு. அதை நாம் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் ரயில் நடைமேடையில் நிற்கும் அந்தச் சில நொடிகள் நம் பொறுப்பு.

● இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று மும்பை போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கி.மீ. ஓடியது. 14 பெட்டிகள், சுமார் 400 பேர். பிற்காலத்தில் அதே நகரில், ஒன்பதே பெட்டிகள் கொண்ட லோக்கல் ரயிலில் பீக் அவரில் 4,500 பேருக்கு மேல் ஏறுவது அன்றாட நடப்பாகிவிட்டது.

● இந்த அளவு நெரிசலுக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’. ஒரு சதுர மீட்டரில், அதாவது மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி இடத்தில், 14 முதல் 16 பேர் நிற்பது!

● ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேரைத் தாண்டிவிட்டாலே கூட்டத்தில் நிற்பவர் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கும். வாசலில் ஒருவர் தள்ளினால் அந்த அழுத்தம் உள்ளே கம்பியோரம் நிற்கும் குழந்தையின் நெஞ்சுவரை போகும். நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்து இறக்கிறார்கள். தள்ளுகிறவருக்கு அது தெரிவதே இல்லை.

● 2017 செப்டம்பர் 29 காலை, மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகலான நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலில் வந்து இறங்கியவர்களும் சேர்ந்து நெருக்கியதில் 23 பேர் உயிரிழந்தார்கள். அகலமான பாலம் வேண்டும் என்ற கோரிக்கை அதற்கு முன்பே இருந்தது. ராணுவம் வந்து புதிய பாலம் கட்டியது அதன் பிறகுதான். படிக்கட்டில் நின்று போன் பேசுவதும், மழை விடட்டும் என்று வழியில் நிற்பதும் எவ்வளவு ஆபத்து என்பதற்கும் அந்தக் காலை சாட்சி.

● தாமதமாக வரும் ரயிலில் ஏன் கூட்டம் அதிகம்? முந்தைய ரயில் போய் நேரமாக ஆக, நடைமேடையில் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும். அத்தனை பேரும் ஏற அதிக நேரம் பிடிக்கும். அதனால் ரயில் இன்னும் தாமதமாகும். அடுத்த நிலையத்தில் இன்னும் அதிகம் பேர் காத்திருப்பார்கள். ஒரு நிலையத்தில் பத்து நொடி வீணானால், அது அந்தத் தடம் முழுக்கப் பின்னால் வரும் ரயில்களையும் பிடித்து இழுக்கும். இறங்குகிறவர்களை முதலில் இறங்கவிட்டால் உள்ளே இடமும் பிறக்கும், நேரமும் மிஞ்சும்.

● சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் அதுதான். இன்று புறநகர் சேவை செங்கல்பட்டையும் தாண்டிப் போகிறது. கடைசி நிலையம்வரை போகிறவர் உள்ளே நகர்ந்து நின்றால், கிண்டியில் இறங்குகிறவருக்கு வாசல் கிடைக்கும். காற்று வருகிறது என்பதற்காக நாற்பது பேர் வாசலை அடைத்து நிற்க, பெட்டியின் நடுப்பகுதி காலியாகக் கிடப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

● ஜப்பானில் நெரிசலை அளக்கச் செய்தித்தாளை வைத்தே ஒரு விளக்கம் சொல்கிறார்கள். 150 சதவீதம் என்றால் தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துப் படிக்கலாம். 250 என்றால் கையையே அசைக்க முடியாது. டோக்கியோ ரயில் நிலையங்களில் பயணிகளை உள்ளே தள்ளிவிடவே ஊழியர்கள் இருந்த காலம் உண்டு. அங்கே வாசலோரம் நிற்பவர்கள் நிலையம் வந்ததும் கீழே இறங்கி, மற்றவர்கள் இறங்க வழிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை.

● மும்பையில் 1992 மே 5 அன்று சர்ச்கேட்–போரிவலி இடையே பெண்களுக்கென்றே முழு ரயில் ஓடத் தொடங்கியது. பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறுவது ரயில்வே சட்டத்தின் 162-ஆவது பிரிவின்படி குற்றம். “கூட்டம், வேறு வழியில்லை” என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

● முன்பதிவில்லாத பெட்டியில் ஏற வரும் பயணியைத் தடுப்பதும் குற்றம்தான். அதே சட்டத்தின் 155-ஆவது பிரிவில் அதற்கு அபராதம் உண்டு. தினமும் வரும் கோஷ்டி என்பதால் இடம் யாருக்கும் சொந்தமாகிவிடாது.

● எச்சரித்த பிறகும் படியில் தொங்கினால் 156-ஆவது பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறை, அல்லது 500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பெரிய தண்டனையைத் தருவது சட்டமல்ல. 2018 ஜூலை 24 அன்று, வழக்கமான தடத்தில் கோளாறு ஏற்பட்டதால் விரைவு ரயில் தடத்தில் விடப்பட்ட மின்சார ரயிலின் படியில் தொங்கியவர்கள், சென்னை பரங்கிமலை நிலையத்தில் கான்கிரீட் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். நேற்றுவரை சுவர் இல்லாத பக்கம் இன்று சுவர் வரலாம்.

● மும்பை புறநகர்த் தடங்களில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். முதல் காரணம் தண்டவாளத்தைக் கடப்பது. அடுத்தது ஓடும் ரயிலிலிருந்து விழுவது. இரண்டுக்கும் அவசரம் வேண்டாம்; அடுத்த ரயில் சில நிமிடத்தில் வந்துவிடும்.

● நெரிசலில் யாராவது மயங்கினால், இரண்டு நிலையங்களுக்கு நடுவே சங்கிலியை இழுப்பதைவிட அடுத்த நிலையத்தில் இறக்குவதே நல்லது. ஸ்ட்ரெச்சரும் ஆட்களும் அங்கேதான் கிடைப்பார்கள். அதற்குள் 139-க்குப் போன் செய்யுங்கள். சுற்றி நிற்பவர்கள் விலகிக் காற்றுவிட்டாலே பாதி உதவி.

● 2025 ஜூன் 9 அன்று மும்பை மும்ப்ரா அருகே படியில் தொங்கி வந்தவர்கள் விழுந்து இறந்த பிறகு, அந்நகருக்கான புதிய ரயில்கள் எல்லாம் தானியங்கிக் கதவுகளுடன் வரும் என்று ரயில்வே அறிவித்தது. சென்னையில் 2025 ஏப்ரல் 19 முதல் ஓடும் ஏ.சி. மின்சார ரயிலில் அந்தக் கதவுகள் ஏற்கெனவே உள்ளன. கதவு மூடினால்தான் ரயில் நகரும். அதனால் ஒருவர் பையை இடையில் நீட்டினால்கூட ரயிலில் உள்ள அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். கதவு வந்துவிட்டது, அது மூட வழிவிட்டு உள்ளே நகரும் பழக்கத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும்.