செவிஸ்: மாணவரைத் தொடரும் பேரேடு

2002 மார்ச் 11. ஃபுளோரிடா மாநிலம் வெனிஸ் நகரிலிருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அமெரிக்கக் குடிவரவுத் துறையிடமிருந்து தபால் வந்தது. இரண்டு பேருக்கு மாணவர் தகுதி வழங்கப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. முகமது அட்டா, மர்வான் அல்-ஷெஹி என்ற அந்த இருவரும் ஆறு மாதம் முன்பே நியூயார்க் இரட்டைக் கோபுரங்களின்மீது விமானங்களை மோதி மாண்டுபோயிருந்தார்கள். ஒப்புதல் 2001 கோடையிலேயே முடிந்த விஷயம். பழைய தாள் மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்து, நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து சேர்ந்தது.

மகனை மேற்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பும் வாசகர் ஒருவர், விசாக் கட்டணத்துக்கு மேல் தனியாக 350 டாலர் கேட்கிறார்களே, அது எதற்கு என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தத் தபாலைப் போன்ற குளறுபடிகள் இனி நேரக்கூடாது என்று அமைந்த ஏற்பாட்டை நடத்தத்தான் அந்தப் பணம். அதன் பெயர் செவிஸ், வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களைப் பதியும் கணினிப் பேரேடு. எஃப்-1 மாணவர்களுக்கு 350 டாலர், பரிமாற்றத் திட்டத்தில் செல்லும் ஜே-1 காரர்களில் பெரும்பாலோருக்கு 220 டாலர்.

இதற்கான யோசனை அந்தத் தபாலுக்கு வெகு முன்பே இருந்தது. 1979-ல் டெஹ்ரான் தூதரகத்தில் அமெரிக்கர்கள் சிறைப்பிடிக்கப்பட்டபோது, ஈரானிய மாணவர்கள் அனைவரும் குடிவரவு அலுவலகத்தில் நேரில் வந்து பதிய வேண்டும் என்று அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற சரியான கணக்கு அரசிடம் இல்லை. 1993-ல் உலக வர்த்தக மையத்தில் வெடித்த குண்டைச் சுமந்து வந்த வேனை ஓட்டியவர், மாணவர் விசாவில் வந்து படிப்பைப் பாதியில் விட்டவர். 1996-ல் கணினிப் பதிவு வேண்டும் என்று சட்டமே வந்தது. ஆனாலும் 2001 செப்டம்பருக்குப் பிறகுதான் வேலை முடுக்கிவிடப்பட்டது. 2003 ஆகஸ்டுக்குள் எல்லா வெளிநாட்டு மாணவர்களும் இதற்குள் வந்தாக வேண்டியிருந்தது.

இந்தப் பேரேட்டில் முக்கியமான விஷயம், அதில் எழுதுகிற கை யாருடையது என்பது. மாணவரின் விவரங்களை அன்றாடம் பதிபவர் டி.எஸ்.ஓ. என்று அழைக்கப்படும் கல்லூரி ஊழியர். சம்பளம் தருவது கல்லூரி. பதிவது அரசின் ஏட்டில். சேர்ந்தாரா, முழுப் பாடச்சுமை எடுக்கிறாரா, எங்கே குடியிருக்கிறார், படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சிக் காலத்தில் எந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என எல்லாம் அங்கே ஏறும். மனம் உடைந்துபோன மாணவர் ஆறுதல் தேடிப் போகும் மேசையும் அதுதான், அவர் வகுப்புக்கு வராததை அரசுக்குத் தெரிவிக்கும் மேசையும் அதுதான். ஒரே மனிதரின் தோளில் இந்த இரண்டு பாரமும்.

அந்த மேசை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு ஒரு விதியைச் சொல்லலாம். உடல்நலம் கெட்டால் பாடங்களைக் குறைத்துக்கொள்ள டி.எஸ்.ஓ. அனுமதி தரலாம், மருத்துவச் சான்று போதும். ஆனால் அனுமதி முதலில், பாடத்தை விடுவது பிறகு. காய்ச்சலில் படுத்தவர் முதலில் பாடத்தை விட்டுவிட்டுப் பிறகு போய்ச் சொன்னால், மாணவர் தகுதியே கைநழுவிப் போகலாம்.

விசா காலாவதியானாலும் செவிஸ் பதிவு உயிரோடு இருந்தால் தங்கிப் படிக்கலாம். பதிவு முடிக்கப்பட்டுவிட்டால், பாஸ்போர்ட்டில் விசா பளபளத்தும் பயனில்லை. நூறு நாள் வேலையில் மஸ்டர் ரோலில் பெயர் விடுபட்டவர் வெயிலில் மண் சுமந்தும் கூலிக்கு அலைகிற கதைதான்.

ஏட்டில் எழுதுபவரே பொய் எழுதினால்? கலிஃபோர்னியாவின் பிளஸன்டன் நகரில் டிரை-வேலி பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடந்த கடை அதைத்தான் செய்தது. 2011-ல் அதிகாரிகள் நுழைந்தபோது அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பதிவாகியிருந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். மாணவர்களில் பாதிக்கு மேல் சன்னிவேல் நகரின் ஒரே ஒரு அடுக்ககக் குடியிருப்பில் வசிப்பதாகப் பதிவு சொன்னது! கணினி அந்த முகவரியை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. நிறுவனருக்கு 2014-ல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்கு முன்பே சில மாணவர்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. அதை இந்திய அரசு கண்டித்தது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுக் கமிஷன் பார்க்கும் ஏஜென்டுகள் செய்வது பச்சைத் துரோகம்.

2025 வசந்தத்தில் டி.எஸ்.ஓ.வின் கையைத் தாண்டி அமெரிக்க அரசே நேராக ஏட்டில் எழுதியது. சுமார் 13 லட்சம் மாணவர் பெயர்களைக் குற்றப் பதிவுத் தொகுப்போடு ஒப்பிட்டதில் ஏறக்குறைய 6,400 பெயர்கள் சிக்கின. ஆயிரக்கணக்கான செவிஸ் பதிவுகள் முடிக்கப்பட்டன. தள்ளுபடியான வழக்கு, சாலை விதிமீறல் போன்றவற்றால் சிக்கியவர்களும் அதில் இருந்தார்கள், இந்தியர்களும் கணிசம். பல கல்லூரிகள் கணினியைத் திறந்து பார்த்துத்தான் செய்தியையே அறிந்தன. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் அடுத்தடுத்துத் தடை விதித்தார்கள். ஏப்ரல் 25 அன்று, பதிவுகளை மீட்டுத் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. யார் படிக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஓர் அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் பெயர் பொருந்துகிறது என்பதற்காக வழக்கின் முடிவைக்கூடப் படிக்காமல் ஒருவரின் படிப்பை அறுப்பதை ஏற்கவே முடியாது.

2023-24-ல் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 3,31,000-க்கும் மேல். சீனாவை முந்திய எண்ணிக்கை இது. கிளம்பும் ஒவ்வொரு பிள்ளையும் இதை மனத்தில் வைக்க வேண்டும்: வீடு மாறினால் 10 நாளுக்குள் கல்லூரிக்குச் சொல்லுங்கள். பாடத்தை விடுவதற்கு முன் டி.எஸ்.ஓ.வைப் பாருங்கள். கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றின் பழைய தாள்களில் ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள்.