குழந்தைங்க தூங்கிடும்... ஓட்டுறவர்? - ராத்திரி கார் பயணத்துக்கு முன் ஒரு கணக்கு!

வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு மேல் பெருங்களத்தூரில் நின்று பார்த்தால் தெரியும். பின் கண்ணாடியை மறைக்கும் அளவுக்குத் தலையணையும் பையும் திணித்த கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஜன்னலில் கார்ட்டூன் படம் போட்ட திரை, பின் சீட்டில் நைட் டிரஸ் போட்ட இரண்டு வாண்டுகள், நடுவில் அம்மா. திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என ஊர்கள்தான் வேறு. திட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். பரனூர் டோல் தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும், கண் விழிக்கும்போது ஆச்சி வீட்டு வாசல்.

இந்தத் திட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ரயில் டிக்கெட் 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. பொங்கல், தீபாவளி என்றால் சில நிமிடங்களிலேயே வெயிட்டிங் லிஸ்ட். பண்டிகை நேர ஆம்னி பஸ் கட்டணத்தை நான்கால் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். சென்னையிலிருந்து நெல்லைக்குச் சுமார் 620 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் 41 லிட்டர் பெட்ரோல், டோல் தனி. கணக்குப் போட்டால் கார்தான் கட்டுபடியாகிறது.

சரி, ஏன் ராத்திரி? இரண்டு வயதுக் குழந்தையோடு பகலில் பத்து மணி நேரம் காரில் போய்ப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். "எப்ப வரும்?" என்பது செங்கல்பட்டிலேயே ஆரம்பித்துவிடும். பிறகு மூச்சா, பிஸ்கட், செல்போன், சண்டை, மறுபடியும் மூச்சா. சித்திரை வெயிலில் ஏ.சி-யும் திணறும். இரவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ரோட்டில் கார், பைக் கூட்டம் குறைவு. தூங்கும் பிள்ளைக்கு வாந்தித் தொல்லையும் பெரும்பாலும் வராது.

ஆக, பிள்ளைகளுக்கு இது சௌகரியமான பயணம்தான். காரில் அவர்களைத் தவிர இன்னொருவரும் இருக்கிறாரே, அவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

காலை 6.30-க்கு எழுந்தவர்

வெள்ளிக்கிழமை காலை 6.30-க்கு எழுந்து, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றி, ஆபீஸ் போய், மாலை டிராஃபிக்கில் வீடு வந்து, பெட்டிகளை டிக்கியில் அடுக்கி, 10 மணிக்கு வண்டியை எடுக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போதே அவர் விழித்து பதினைந்தரை மணி நேரம் ஆகிவிட்டது. திண்டிவனம் வரும்போது 17 மணி நேரம் தாண்டியிருக்கும். அதிகாலை 3 மணிக்கு, சமயபுரம் நெருங்கும்போது, இருபதரை மணி நேரம்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம் என்றது அது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கேஸ் போடுவதற்கான வரம்பே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டுகூடக் குடிக்காத அப்பா, பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஊதிப் பார்க்கும் கருவியில் இது மட்டும் தெரியாது.

இதோடு உடம்பின் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. அதிகாலை 2 மணியிலிருந்து 5, 6 மணி வரை உடல் வெப்பநிலை இறங்கி, தூக்கம் மிகக் கனமாக அழுத்தும் நேரம். மதியம் 2 முதல் 4 மணிக்குள் இதன் சின்ன வடிவம் ஒன்று வரும். "எனக்கு நைட் ஷிஃப்ட் பழக்கம்" என்பவர்களையும் இது முழுசாக விடுவதில்லை. 10 மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பியவருக்கு இந்த நேரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். பெரம்பலூர், பாடாலூர், திருச்சி தாண்டி விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர். நேரான நான்குவழிச் சாலை, இருபுறமும் இருட்டு, திருப்பம் இல்லை, சிக்னல் இல்லை. கண்ணை இழுத்து மூடுவதற்கென்றே போட்ட மாதிரி.

அப்போது வருவதுதான் நொடித்தூக்கம். கண் திறந்திருக்கும்போதுகூட மூளை சில நொடிகள் அணைந்து எரியும். தூங்கினோம் என்பதே தூங்கியவருக்குத் தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகும். நான்கு நொடி என்றால் 110 மீட்டருக்கு மேல். நெல்லை எக்ஸ்பிரஸில் நான்கைந்து பெட்டிகளின் நீளத்துக்கு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யாருமே ஓட்டாத கார். எதிரே ரோட்டோரம் பின் விளக்கு எரியாமல் ஒரு லாரி நின்றிருந்தால், பிரேக் அடித்த தடம்கூட ரோட்டில் இருக்காது.

2022 டிசம்பர் 30-ம் தேதி, அம்மாவைப் பார்க்க டெல்லியிலிருந்து ரூர்க்கிக்குத் தனியாக ஓட்டிப்போன கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தின் கார், விடியும் முன் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. கண் அயர்ந்துவிட்டதாக அவர் சொன்னார் என்று அப்போது போலீஸார் தெரிவித்தார்கள். அவர் பிழைத்தார். 2018 செப்டம்பர் 25-ம் தேதி, திருச்சூர் கோயிலுக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு இரவில் திருவனந்தபுரம் திரும்பிக்கொண்டிருந்த வயலின் கலைஞர் பாலபாஸ்கரின் கார், அதிகாலை 4 மணியளவில் பள்ளிப்புரம் அருகே மரத்தில் மோதியது. இரண்டு வயது மகள் இறந்தாள். ஒரு வாரத்தில் அவரும் போய்விட்டார். அந்த விபத்தின் காரணம் பற்றிப் பல வருடங்கள் விசாரணை நடந்தது. கடிகாரம் காட்டிய நேரத்தைப் பற்றி மட்டும் சந்தேகம் இல்லை.

பாட்டு, ஜன்னல் காற்று, டீ

தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும். இளையராஜா பாட்டைச் சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்குவது, புளிப்பு மிட்டாய், முகத்தில் தண்ணீர். சில மாவட்டங்களில் அதிகாலையில் போலீஸாரே வண்டிகளை நிறுத்தி முகம் கழுவ வைத்து, டீ கொடுத்து அனுப்புவதுண்டு. நல்ல மனசுதான். ஆனால் தண்ணீரும் காற்றும் சத்தமும் தரும் விழிப்பு சில நிமிடங்களுக்குத்தான். தூக்கத்துக்கு மாற்று தூக்கம் ஒன்றே.

காபி வேலை செய்யும், ஆனால் குடித்து சுமார் அரை மணி நேரம் கழித்து. விக்கிரவாண்டியிலும் பாடாலூரிலும் பித்தளை டவரா வைத்து டிகிரி காபி கொடுக்கும் கடைகளில் ஒரு வாய் குடித்ததும் தெளிந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம், காரைவிட்டு இறங்கி நடந்ததுதான். சரியான வழி இது: காபியைக் குடித்துவிட்டு, அலாரம் வைத்து, சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்திருக்கும் நேரத்தில் காபியும் வேலைக்கு வந்துவிடும். எழுந்ததும் பத்து நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். தூங்கும் இடம் வெளிச்சமான பெட்ரோல் பங்க், டோல் பிளாஸா ஓரத்து வாகன நிறுத்தம், ஆள் நடமாட்டம் உள்ள ஹோட்டல் என்று இருக்கட்டும். சாலை ஓரத்தில் வேண்டவே வேண்டாம். பின்னால் வருபவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி-யில் தூங்குவதும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் வாசனையே தெரியாது.

ஓடும்போதும் ஏ.சி-யை முழு நேரமும் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனில் வைக்காதீர்கள். நான்கு பேர் மூச்சு விட்டு விட்டு கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், மந்தம் கூடும்.

இன்னொன்று, முன் சீட்டில் யார்? பெரும்பாலான குடும்பங்களில் அம்மா பின்னால் பிள்ளைகளோடு தூங்கிப்போகிறார். நாள் முழுக்க வீட்டையும் பெட்டியையும் கட்டியவர் அவர். தூங்காமல் என்ன செய்வார்? ஆனால் கடைசியில் காரில் விழித்திருப்பது ஒரே ஒருவர். அவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க யாருமில்லை. மாமாவோ, தம்பியோ, ஓட்டத் தெரிந்த இன்னொரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். மனைவிக்கு ஓட்டத் தெரிந்தால் இரவின் முதல் பாதியில் ஒருவர் தூங்கலாம். "அவ சிட்டிக்குள்ளதான் ஓட்டுவா" என்கிற வசனத்தை எப்போதாவது மறுபரிசீலனை செய்யலாம், தப்பில்லை.

பின் சீட்டு மெத்தை

ஆன்லைனில் இன்று அதிகம் கண்ணில் படும் கார் சாமான்களில் ஒன்று, பின் சீட்டில் போடும் காற்று மெத்தை. கால் வைக்கும் இடத்தையும் நிரப்பி, சீட்டையே கட்டிலாக்கிவிடும். பிள்ளைகள் கை கால் நீட்டி அசந்து தூங்கும். பார்க்க அழகு. ஆனால் அந்தக் கட்டிலில் பெல்ட் இல்லை.

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்கும் காருக்குள் கட்டப்படாத குழந்தைக்கு நேர்வது, சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அம்மாவின் மடியும் காப்பாற்றாது. அந்த விசையில் பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த எந்தக் கைக்கும் வலு கிடையாது. முன் சீட்டில் மடியில் வைத்திருந்தால் ஏர்பேக் வெடித்து விரிவது நேராகக் குழந்தையின் மேல்தான். 2019 சட்டத் திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். யாரும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"சீட்ல உக்காந்தா தூங்கவே மாட்டான்" என்பது உண்மையான பிரச்னைதான். பயண நாளில் முதன்முதலாக உட்கார வைத்தால் எந்தப் பிள்ளையும் கத்தும். ஒரு மாதம் முன்பிருந்தே கடைக்கு, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அதில் உட்கார வைத்துப் பழக்கினால் பாதி சண்டை குறையும். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை. குறைந்தது இரண்டு வயது வரை அதுவே பத்திரம். தூக்கத்தில் தாடை நெஞ்சில் படும்படி தலை கவிழ்ந்தால் மூச்சு தடைப்படலாம். அதனால் இருட்டிலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தூக்கிச் சற்று நீட்டிப் படுக்க வைக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு இந்த இடைவெளி இன்னும் குறைவு. தாய்ப்பால் கொடுப்பதும் வண்டியை நிறுத்திய பிறகுதான்.

பவுடர் பால் என்றால் ஃபிளாஸ்க்கில் கொதித்த வெந்நீர் தனி, பவுடர் தனி. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வழியில் தூங்கட்டும் என்று சளி மருந்தோ வாந்தி மருந்தோ கொடுப்பது சில வீடுகளில் ரகசியமாக நடக்கிறது. சிறு குழந்தைகளுக்கு இவை மூச்சையே மந்தமாக்கக்கூடியவை. டாக்டர் சொல்லாமல் கூடாது. ஓட்டுபவரும் ஜலதோஷ மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது, அதில் பல தூக்கத்தை வரவழைப்பவை.

அப்போ எப்பத்தான் கிளம்புறது?

அதிகாலை 4 மணிக்கு. வெள்ளி இரவு 9 மணிக்கே எல்லோரும் படுத்து, டிக்கியை முன்பே அடுக்கி வைத்து, தூங்கும் பிள்ளைகளை அப்படியே தூக்கிக் காரில் உட்கார வைத்தால், அவர்கள் கண் விழிப்பது விழுப்புரம் பக்கம். ஓட்டுபவர் ஆறு மணி நேரமாவது தூங்கியிருப்பார். முதல் இரண்டு மணி நேரம் கவனமாக ஓட்டிவிட்டால் வெளிச்சம் வந்துவிடும். உளுந்தூர்பேட்டை அருகே பொங்கல் வடை, மதியத்துக்கு மேல் ஊர்.

அதுவும் ஒத்துவராதவர்களுக்குத் திருச்சி இருக்கிறது, ஏறக்குறைய பாதி வழியில். மாலை 6 மணிக்குக் கிளம்பி, நள்ளிரவுக்குள் அங்கே ஒரு ரூம் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் மலைக்கோட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். ரூம் வாடகை கூடுதல் செலவுதான். இருந்தாலும் அந்தத் துவரங்குறிச்சி இருட்டைப் பகலில் கடக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 1033, 108 இரண்டு எண்களும் போனில் இருக்கட்டும். முன்னது தேசிய நெடுஞ்சாலை உதவி எண்.

ஞாயிறு இரவு திரும்புவது இன்னும் மோசம் என்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை. போகும்போது ஊர் பார்க்கும் உற்சாகமாவது விழிக்க வைக்கும். திரும்பும்போது இரண்டு நாள் அரைகுறைத் தூக்கம், மதியக் கறிச் சோறு, திங்கள் காலை 9 மணி மீட்டிங் எல்லாம் சேர்ந்து ஏறி உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு சொல்ல முடியும் என்றால், சொல்லுங்கள்.

போகிற பக்கம் விரட்டுவது ஆபீஸ்கூட இல்லை, பல நேரம் ஒரு வாக்குதான். "விடிஞ்சதும் வந்துருவோம் அத்தை, இட்லி ஊத்தி வைங்க" என்று கிளம்பும் முன் போனில் சொல்லிவிடுகிறோம். பிறகு அந்த நேரம்தான் வண்டியை ஓட்டுகிறது. மேலூரில் கண் சொருகும்போதும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்கிறது. அடுத்த முறை "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஆச்சி சாயங்காலம் தோசை ஊற்றுவார்.