பெட்டியின் பிறேக் பிடிக்கவில்லையா?

லான்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்கள் இயந்திரத்தின் ஒயிலைத் தவறாமல் பார்ப்பதுண்டு. பின்னால் இழுபடும் பெட்டியின் பிறேக்கைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் வீதியில் வண்டியை நிறுத்துவது பெட்டியின் பிறேக்தான். 1995 ஒக்ரோபர் 30 இல் தொடங்கிய வலிகாமம் இடப்பெயர்வில் முதியோரும் குழந்தைகளும் நெல்மூட்டைகளும் இத்தகைய பெட்டிகளிலும் ஏறினார்கள். இன்று விறகும் தண்ணீர்த் தாங்கியும், கரையோரங்களில் வள்ளமும்கூட ஏறுகின்றன.

பிறேக்கைச் சோதிக்கச் சுமையை இறக்கி, பெட்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஒரு சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். மற்றதை ஜாக்கினால் உயர்த்தி, அச்சின் கீழ் மரக்குற்றி கொடுத்துக் கையால் சுழற்றுங்கள். வீட்டில் ஒருவர் மிதியை மெதுவாக அழுத்தட்டும். எவ்வளவு மிதித்ததும் சில்லு நிற்கிறது என்று கவனித்து, மற்றப் பக்கத்தையும் அவ்வாறே பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் பிடிக்காவிட்டால் ஓட்டத்தில் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மிதி அடிவரை போகிறதா? இழுகம்பியின் துளைகளும் ஊசிகளும் தேய்ந்திருக்கலாம். நட்டை இறுக்கினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எமக்கு அது சரியாகப் படவில்லை. லைனிங் தேய்ந்திருந்தால் நட்டை இறுக்குவது நோயை மறைப்பதுதான். மிதியை அழுத்தும்போது சில்லருகே உள்ள நெம்பு, இழுகம்பிக்குச் செங்குத்தான நிலையையும் தாண்டிப் போனால் ட்றம்மைக் கழற்றியே பார்க்கவேண்டும். கிறீச்சிடும் சத்தம் கேட்டால், லைனிங் முடிந்து ஆணிகள் ட்றம்மைக் கீறுகின்றனவா என்றும் பாருங்கள். உள்ளே படிந்த தூளை வாயால் ஊதவேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

பேரிங்கின் கிறீஸ் கசிந்து லைனிங்கில் ஊறியிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப்பசை மிஞ்சும். கசியும் சீலையும் மாற்றாவிட்டால் புது லைனிங்கும் வீண்.

சிறிது தூரம் ஓடியதும் ட்றம் சுடுகிறதா? தொடாமல் சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். சீறினால், ஸ்பிறிங் தளர்ந்தோ தண்டு துருவேறியோ பிறேக் விடுபடாமல் உரசுகிறது.

குளக்கட்டிலிருந்து சுமையோடு இறங்கும்போதே பிறேக்கின் அருமை தெரியும். இறங்குமுன் சிறிய கியருக்கு மாற்றுங்கள். நியூட்றலில் விடவே கூடாது. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: சமதரையில் இடப்பக்கக் கிளச்சை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். பெட்டி பின்னால் தள்ளும் இறக்கத்தில் அதுவே வலப்பக்கம் திரும்பிவிடும். பழகாத கை தடுமாறுவது இங்கேதான்.

வாய்க்காலைக் கடந்தபின் நனைந்த பிறேக் பிடிக்காது. மிதியை இலேசாக அழுத்தியபடி சற்றுத் தூரம் மெதுவாக ஓட்டினால் காய்ந்துவிடும். கடல்நீரில் இறங்கிய பெட்டியை அன்று மாலையே கிணற்று நீரால் கழுவுங்கள். விடிய மிதியை அழுத்தி விட்டுப் பாருங்கள். தானாக மேலே வரவேண்டும்.