மடியில் ஒரு பிரயாணி

கைக்குழந்தையுடன் கடல் கடந்து உல்லாசப் பிரயாணம் செல்வோர் கவனத்துக்கு

குழந்தையோடு நெடுந்தூரம் பிரயாணம் செய்வது மும்பைத் தமிழர்களுக்குப் புதிய காரியமல்ல. கோடை விடுமுறை வந்துவிட்டால் தாராவியிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பிரயாணம். மேல் பெர்த்தில் பழைய நூல் புடவையைக் கட்டித் தூளி போட்டுவிட்டால், வண்டியின் ஆட்டத்திலேயே குழந்தை தூங்கிவிடும். விழித்து அழுதால் ஜன்னலோரம் மாடும் மரமும் காட்டலாம். பால் தீர்ந்தால் அடுத்த ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகாய விமானத்தில் இந்த வசதிகள் ஒன்றும் கிடையாது. தூளி கட்ட இடமில்லை. காட்டுவதற்கு மாடும் இல்லை, மரமும் இல்லை. மும்பையிலிருந்து லண்டனுக்குச் சுமார் பத்து மணி நேரம். நடுவில் இறங்க வழியில்லை. அன்று தூளியில் ஊருக்குப் போன குழந்தைகளே இன்று பெற்றோராகித் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். கிளம்புமுன் அவர்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை மடியில் வைத்துக்கொண்டு போகும் சாமானா, அல்லது தனக்கென்று ஓர் இடம் வேண்டிய பிரயாணியா?

பிறந்தநாள் கணக்கு

விமானக் கம்பெனிகளின் கணக்கில் இரண்டு வயது நிறையாதது கைக்குழந்தை. அதற்குத் தனி இருக்கை கிடையாது. பெற்றோர் மடியில்தான் உட்கார வேண்டும். வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும், வரிகளும் வசூலிக்கிறார்கள். இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். கட்டணமும் பல கம்பெனிகளில் முக்கால் பங்கு அளவுக்கு உயர்ந்துவிடும்.

"இரண்டு வயது முடிவதற்குள் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுவோம்" என்று பல வீடுகளில் பேச்சு எழுவதற்குக் காரணம் இதுதான். இதில் ஏமாந்து போகிறவர்களும் உண்டு. போகும்போது ஒரு வயது, பதினோரு மாதம். லண்டனில் இருக்கும்போது பிறந்தநாள் வந்துவிடுகிறது. அப்படியானால் திரும்பும் பிரயாணத்துக்குத் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். டிக்கெட் வாங்குமுன் நாள்காட்டியைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவை. தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால், மற்றவரிடமிருந்து சம்மதக் கடிதம் ஒன்று வாங்கிக் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

கைகளின் பலம் எவ்வளவு?

பணம் மிச்சம் என்பது சரி. மடி பத்திரமான இடம்தானா?

1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற யுனைடெட் கம்பெனியின் 232-ஆம் எண் விமானம் நடுவானில் பழுதடைந்தது. வால் பகுதி எஞ்சின் சிதறியதில் விமானத்தைத் திருப்பும் சாதனங்கள் அனைத்தும் செயலிழந்தன. விமானிகள் அரும்பாடுபட்டு சூ சிட்டி என்ற ஊரில் இறக்கப் பார்த்தனர். தரையைத் தொட்டதும் விமானம் உடைந்து தீப்பற்றியது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தனர்.

அந்த விமானத்தில் மடிக்குழந்தைகள் நான்கு பேர் இருந்தனர். அன்றைய விதிப்படி, அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமை விமானப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். நான்கில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. உயிர் தப்பி வெளியே வந்த பிரவுன், தன் குழந்தையைத் தேடி எரியும் விமானத்துக்குள் திரும்பப் போக முயன்ற தாயை எதிரே கண்டார். அதன் பிறகு பல ஆண்டுகள், குழந்தைகளுக்கும் தனி இருக்கையும் பட்டையும் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் வாதாடி வந்தார்.

விபத்துகளை ஆராயும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதையே வலியுறுத்தியது. ஆனால் விமானத் துறை நிர்வாகம் 2005-இல் வேறு விதமாக முடிவு செய்தது. கட்டாயப்படுத்தினால் செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் காரில் போகும். சாலை விபத்தில் அதைவிட அதிகக் குழந்தைகள் இறக்க நேரிடும் என்பது அதன் வாதம். ஆகவே மடிப் பிரயாணத்துக்கு அனுமதி நீடிக்கிறது. தனி இருக்கையே பத்திரம் என்றும் அதே நிர்வாகம் பெற்றோருக்குச் சொல்கிறது.

லண்டனுக்குக் காரில் போகிறவர் யாரும் இல்லை. எனவே மும்பைப் பெற்றோருக்கு அந்த வாதம் பொருந்தாது. விபத்து அபூர்வம்தான்; ஆனால் காற்றில் சிக்கி விமானம் குலுங்குவது அபூர்வமல்ல. பலத்த குலுக்கலில் பத்துக் கிலோ குழந்தை ஒரு நொடியில் முப்பது கிலோவாகக் கனக்கலாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் தாயின் கைகள் அதைத் தாங்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வசதி உள்ளவர்கள், இரண்டு வயதுக்கு முன்பே குழந்தைக்கு ஓர் இருக்கை வாங்கலாம். விமானத்துக்கு ஏற்றது என்று முத்திரையிட்ட குழந்தை இருக்கையை அதில் பொருத்த வேண்டும். எந்த மாதிரியை ஏற்பார்கள் என்று கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். முடியாதவர்கள், பெரியவரின் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டவே கூடாது. பெரியவரின் பாரம் முழுவதும் குழந்தைமேல் விழும். பல கம்பெனிகள் குழந்தைக்கென்று தனியாக ஒரு சிறிய பட்டை தருகின்றன. பணிப்பெண்ணிடம் அதைக் கேட்டு வாங்கி, காட்டித் தருகிறபடி கட்டிக்கொள்ள வேண்டும்.

முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலை நம்பிக் கிளம்புவோரும் உண்டு. பெரும்பாலும் பத்துப் பதினோரு கிலோவுக்கு மேல் அது தாங்காது. சில கம்பெனிகள் வயது வரம்பும் வைத்திருக்கின்றன. ஓடி விளையாடும் வயதுப் பிள்ளையின் கால் அதில் அடங்காது. குலுக்கல் வந்தால் தூங்கும் குழந்தையையும் எடுத்து மடியில் வைத்தாக வேண்டும்.

ஊட்டியிலிருந்து இறங்குவது போல

விமானம் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. ஏறக்குறைய உதகமண்டலத்தின் உயரம். விமானம் கீழே வரும்போது, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரை மணியில் இறங்கினால் காது அடைக்குமே, அந்த அவஸ்தைதான். பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சமாளிக்கிறார்கள். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. வலியைச் சொல்லத் தெரியாததால் வீறிட்டு அழுகின்றன.

மருந்து எளிது. இறங்கத் தொடங்கியதும் குழந்தையை எழுப்பிப் பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து விழுங்க வைக்க வேண்டும். பாவம், தூங்கட்டும் என்று விடுவதுதான் தவறு. சளியோ காதுவலியோ இருந்தால் பிரயாணத்துக்கு முன் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

தூங்குவதற்காகச் சளி மருந்து ஒரு ஸ்பூன் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. குழந்தை டாக்டர்கள் இதை ஏற்பதில்லை. சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் ஆர்ப்பாட்டத்தைத் தரும். அளவு மிஞ்சினால் மூச்சுக்கே ஆபத்து.

பையில் என்ன வைப்பது?

கைப்பையில் நூறு மில்லி லிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு 2006-இல் வந்தது. பிரயாணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் அதில் விலக்கு உண்டு. சோதனையின்போது தனியே எடுத்துக் காட்ட வேண்டும். கஞ்சி மாவும், ஆறவைத்த இட்லியும் வழிக்கு நல்லவை. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆனால் உறவினருக்கென்று நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோக வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுவர பிரிட்டன் அனுமதிப்பதில்லை. பிரிக்காத குழந்தைப் பால்பொடி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

குழந்தைக்கு இரண்டு மாற்றுடை வைப்பவர்கள் தங்களுக்கு ஒன்று வைக்க மறந்துவிடுகிறார்கள். வாந்தி விழுவது தாயின் புடவைமேல்தான். விளையாட்டுச் சாமான்களை ஒரேயடியாகக் கொட்டாமல், மணிக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பது அனுபவசாலிகளின் யோசனை.

நள்ளிரவில் விடியும்

லண்டன் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கோடையில் நமக்கும் லண்டனுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். மும்பையில் காலை ஆறு மணிக்கு எழுந்து பழகிய குழந்தை, அங்கே இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து பால் கேட்கும். பெரியவர்கள் களைத்துக் கிடப்பார்கள். அதட்டிப் பயனில்லை, குழந்தையின் உடம்புக்கு அது காலைதான். பகலில் வெயிலில் விளையாடவிட்டால் சில நாட்களில் புது நேரத்துக்குப் பழகிவிடும். அதுவரை, ஒரே நாளில் அரண்மனையும் அருங்காட்சியகமும் பார்த்துத் தீர்க்கும் திட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான். முதல் இரண்டு நாளைப் பூங்காவில் கழித்தால் நஷ்டமில்லை.

ரயில் காலத்தில் வண்டியின் நேரத்துக்கு ஏற்ப பால், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் குழந்தைக்காகவே வீட்டார் அமைத்துக்கொண்டார்கள். விமானத்திலும் அதே முறைதான் செல்லும். மடியில் உட்கார்ந்தாலும் இருக்கையில் உட்கார்ந்தாலும், அந்தக் குடும்பத்தின் முதல் பிரயாணி குழந்தையே. டிக்கெட் வாங்குகிற அன்றே அதற்கு ஏற்ற இடத்தை முடிவு செய்துவிட்டால், மிச்சம் எல்லாம் சமாளிக்கக்கூடியவை.