குழாய் நீரை அளந்து விடும் கருவி: எங்கே, எதைப் பொருத்துவது?

திருவெறும்பூர் மக்களுக்கு நீரழுத்தம் புதிய செய்தியன்று. 1965-இல் தொடங்கப்பெற்ற பெல் தொழிற்சாலை, உயரழுத்தக் கொதிகலன்களைச் செய்து நாடெங்கும் அனுப்பி வருகிறது. ஆயினும் அழுத்தத்தையே தொழிலாகக் கொண்ட இவ்வூரிலும், நம் வீட்டுக் குழாயில் நீர் எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பெங்களூரில் 2024-ஆம் ஆண்டு கோடையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அப்போது அந்நகரின் குடிநீர் வாரியம், வணிக நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் குழாய்களில் 'ஏரேட்டர்' பொருத்த வேண்டுமென மார்ச் மாதத்தில் ஆணையிட்டது. நம் ஊர்க் கடைகளிலும் இக்கருவி கிடைக்கிறது. இதனை வாங்குமுன் இல்லத்தரசியர் அறிய வேண்டியவை சில உண்டு.

இரண்டு வகைகள்

முதல் வகை, கடைக்காரர்கள் 'ஃபோம் ஃப்ளோ' எனக் கூறும் சாதாரண ஏரேட்டர். குழாயின் வாயில் திருகப்படும் இச்சிறு வலைமூடி, நீரோடு காற்றைக் கலந்து நுரைபோல் விடும். நீர் குறைந்தாலும் கைக்கு நிறைவாகத் தோன்றும், தெறிப்பதும் குறையும்.

இரண்டாவது, அழுத்தத்திற்கேற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஒழுங்கி. இதனுள்ளே மெத்தென்ற ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அழுத்தம் மிகும்போது அது நசுங்கி வழியைக் குறுக்கும். அழுத்தம் தணியும்போது விரிந்து வழிவிடும். எனவே வெளிவரும் நீர் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும்.

உங்கள் வீட்டின் உயரம் என்ன?

மாடித் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து குழாய் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறதோ, அதுவே அக்குழாயின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 10 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் என்பது பிளம்பர்களின் கணக்கு. மாடியில் தொட்டி வைத்த தனி வீட்டில் இவ்வுயரம் 3 மீட்டர் அளவே இருக்கும். பெரும்பாலான ஒழுங்கிகள் சீராக வேலை செய்ய 10 மீட்டரளவு அழுத்தமேனும் வேண்டும். ஆகவே தனி வீட்டில் அதற்குப் பணம் செலவிடுவது வீண். நீர் நூலிழைபோல் வழியவும் கூடும். அங்கே சாதாரண ஏரேட்டர் போதும். அல்லது கைகழுவும் தொட்டியின் அடியிலுள்ள ஆங்கிள் வால்வைச் சற்றுத் திருகி வையுங்கள். அதற்குக் காசே வேண்டாம்.

அடுக்குமாடி வீடுகளின் நிலை வேறு. நான்கு தளங்கள் கொண்ட கட்டடத்தில் மேல்தளக் குழாய் தொட்டிக்கு 3 மீட்டர் கீழும், தரைத்தளக் குழாய் 12 மீட்டர் கீழும் இருப்பதாகக் கொள்வோம். அழுத்தம் நான்கு மடங்கானால், அதே துளையில் பாயும் நீர் இரு மடங்காகும். மேலே நிமிடத்திற்கு 6 லிட்டர் வரும்போது, கீழே ஏறத்தாழ 12 லிட்டர் பாயும். கீழ்வீட்டார் குழாயை முழுதும் திறந்தால், அதே இறங்குகுழாயை நம்பியிருக்கும் மேல்வீட்டாருக்கு நீர் மெலியும். பல குடியிருப்புகளில் அண்டை வீட்டாரிடையே மனத்தாங்கல் பிறப்பது இவ்விடத்தில்தான். ஆகவே ஒழுங்கி முதலில் வேண்டுவது கீழ்த்தளங்களுக்கு.

எங்கே பயன், எங்கே வீண்?

வாளியை நிரப்பும் குழாயில் இக்கருவியால் மிச்சம் ஏதுமில்லை. 20 லிட்டர் வாளிக்கு எப்படியும் 20 லிட்டர் வேண்டும். நிரம்பும் நேரம் மட்டுமே நீளும். வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டில் அக்குழாயை அப்படியே விட்டுவிடுங்கள். நீர் ஓடிக்கொண்டே இருக்கும் இடங்களில்தான் சேமிப்பு உண்டு: கைகழுவும் தொட்டி, பாத்திரம் துலக்கும் தொட்டி, ஷவர். எரிவாயு கீசர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு நீர் ஓடினால்தான் அது பற்றும்; அந்த வழியில் கருவியைப் பொருத்துமுன் கீசரின் கையேட்டைப் பாருங்கள்.

பெட்டியின் மேலுள்ள எண்

பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு எந்த அழுத்தத்திற்கு உரியது என்று கேளுங்கள். அமெரிக்காவில் 'வாட்டர்சென்ஸ்' முத்திரை பெறும் கைகழுவுதொட்டிக் குழாய், நிமிடத்திற்கு ஏறத்தாழ 5.7 லிட்டருக்கு மேல் விடலாகாது. ஆனால் அந்த அளவு, சுமார் 42 மீட்டர் உயரத்து நீரின் அழுத்தத்தில் எடுக்கப்படுவது. நம் தெருவில் அத்துணை உயரமான தொட்டி ஏது?

எனவே நீங்களே அளந்து பாருங்கள். குழாயை முழுதும் திறந்து, ஒரு லிட்டர் பாத்திரம் எத்தனை வினாடியில் நிரம்புகிறதெனக் கடிகாரத்தில் பார்த்து, 60-ஐ அவ்வெண்ணால் வகுக்கவும். 5 வினாடியில் நிரம்பினால் நிமிடத்திற்கு 12 லிட்டர், கருவி பொருத்தலாம். 10 வினாடி ஆனால் 6 லிட்டர்தான், இருப்பதே போதும்.

கடைக்குச் செல்லும்போது பழைய மூடியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சில குழாய்களில் மரை உள்ளே இருக்கும், சிலவற்றில் வெளியே. 22, 24 மில்லிமீட்டர் என அளவும் மாறும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் வலையில் சுண்ணாம்பு படியும். மாதம் ஒருமுறை கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துலக்குங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்பு, ஒழுகும் குழாயின் வாஷரை மாற்றுங்கள். ஒழுகும் குழாயில் பொருத்திய கருவியால் யாருக்கும் பயனில்லை. பொதுத் தொட்டியுள்ள குடியிருப்பினர் அடுத்த கூட்டத்தில் தளந்தோறும் அளந்த கணக்கை வைத்துப் பேசுங்கள். கீழ்வீட்டில் பொருத்தும் சிறு வளையம், மேல்வீட்டுத் தாய்க்கு அதிகாலைத் தண்ணீராகும்.