ஃபார்மட் அடிக்கும் முன்

படம் பார்க்கும்போதும் கணக்கு எழுதும்போதும் ஒரு குறையும் சொல்ல முடியாத கணினி, பெரிய கேம் ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் ஆனதும் சட்டென்று திரை இருண்டு, தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் முதலில் நடப்பது விண்டோஸை ஃபார்மட் அடிப்பதுதான். அதிலும் சரியாகாவிட்டால் ராமைக் கழற்றித் துடைக்கிறார்கள். அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் பழி விழுகிறது. கணினியில் இருக்கும் பொருள்களிலேயே விலை கூடியதை மாற்றச் சொல்லும் யோசனையும் கூடவே வருகிறது. இந்த வரிசை தலைகீழானது. சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரம் வந்து சேரும் வழியை. ஃபார்மட் கடைசியில் வர வேண்டியது.

கணினி எப்படி விழுந்தது என்பதே முதல் தடயம். மென்பொருளில் கோளாறு என்றால் விண்டோஸ் பெரும்பாலும் எதையாவது சொல்லிவிட்டுத்தான் நிற்கும். கேம் மட்டும் மூடிக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீண்டும் துவக்கும், திரை ஒருமுறை கறுத்துத் திரும்பும். அதற்கும் மேலே போனால் நீலத்திரை. ஆனால் நீலத்திரை வந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸில் முதலிலேயே அமைத்திருக்கிறார்கள். அதனால் பலர் அதைப் பார்ப்பதற்குள்ளேயே அது மறைந்துவிடுகிறது. சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற இடத்தில் அந்தத் தானியங்கி ரீஸ்டார்ட்டை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகும் நீலத்திரை வராமல் கணினி விழுந்தால், ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பலர் மிரண்டுபோகிறார்கள். நோயின் பெயரே அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கணினி மறுபடி எழுந்த பிறகு, 'போன தடவை முறையாக அணைக்கப்படவில்லை' என்று விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்புதான் அது. அதன் விவரத்தில் 'பக்செக் கோட்' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், நீலத்திரை விழுந்ததாகவே பதிவில்லை என்று பொருள். நடந்தது என்ன என்று விண்டோஸுக்கே தெரியாதபோது, விண்டோஸை அழித்து மறுபடி போடுவதில் என்ன தெரியப்போகிறது?

சரி, கேம் ஆடும்போது மட்டும் ஏன்? படம் பார்க்கும்போது கிராஃபிக்ஸ் கார்டு சில பத்து வாட் மின்சாரத்தோடு வேலையை முடித்துவிடும். கேமில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் இறங்குகின்றன. 2020-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டின் அளவு 320 வாட். 2022-இல் வந்த 4090-க்கு 450 வாட். இவையும் சராசரிக் கணக்குகள்தாம். ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குள் இந்தக் கார்டுகள் அந்த அளவைத் தாண்டி எகிறி, மீண்டும் இறங்குகின்றன. அந்த நொடிப்பொழுதில், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் சரிந்தால் என்ன ஆகும்? எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு 'பவர் குட்' என்றொரு சமிக்ஞை போய்க்கொண்டே இருக்கிறது, மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக. அது ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு பிராசசரை நிறுத்தி மறுபடி துவக்கிவிடும். விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க அவகாசமே கிடைப்பதில்லை. 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, புதிய வகை கிராஃபிக்ஸ் இணைப்பு கொண்ட பெரிய எஸ்.எம்.பி.எஸ்கள் தம் அளவைப்போல் இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. இந்தத் துள்ளல் உண்மையான சிக்கல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'என்னுடையது 750 வாட், கூட்டிப் பார்த்தால் 500 கூட வரவில்லை, பிறகு எப்படிப் போதாமல் போகும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கூட்டலில் இருப்பது சராசரி, விழவைப்பது உச்சம். மேலும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மலிவான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால் கார்டும் பிராசசரும் பகிர்ந்துகொள்ள இருப்பது 216 வாட் மட்டுமே. '80 ப்ளஸ்' முத்திரையும் இங்கே கைகொடுக்காது. அது சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பதைச் சொல்வதில்லை. வயதும் உண்டு. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது என்பது நான்காவது வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

சூடுதான் காரணம் என்போரும் உண்டு. தூசி படிந்த கேபினெட்டைச் சுத்தம் செய்வது எப்போதும் நல்லதே. ஆனால் இன்றைய பிராசசர்கள் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன; கேம் திணறும், காற்றாடி இரையும். எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே ஆடினால் ஒரு மணி நேரத்தில் இதற்கு விடை கிடைத்துவிடும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பிராசசரே பழுதாக இருந்தால்? 2024-இல் அதுவே நடந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள் சில, தமக்கு வேண்டியதைவிட அதிக வோல்ட் கேட்டு வாங்கி மெல்லக் கெட்டுப்போயின. கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி வந்ததால் பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். பிறகு இன்டெல் குறையை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தப் பிராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் வந்தவை பிழைச் செய்திகளும் நீலத்திரைகளும்தாம். விழுந்த விதம் வேறு. அங்கேயும் ஃபார்மட் எதையும் குணப்படுத்தவில்லை.

வாதத்தை விடச் சோதனை மேல். இதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கிராஃபிக்ஸ் கார்டின் 'பவர் லிமிட்'டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமின் ஃப்ரேம் எண்ணிக்கையை 60-க்குள் கட்டுங்கள். பயாஸில், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பையும் இன்னொரு நாள், தனியாக, அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. கார்டின் சுமையைக் குறைத்ததும் ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் பழுது மின் வழியில் இருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். அந்த வழி சுவர் பிளக்கில் தொடங்கிக் கார்டின் உள்ளே முடிகிறது. 600 வி.ஏ. யூ.பி.எஸ். பல வீடுகளில் இருக்கிறது. அதன் தாங்கு திறன் வழக்கமாக 360 வாட்தான். அதைத் தவிர்த்துவிட்டு ஒரு நாள் நேரடியாகச் சுவரிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கார்டில் இரண்டு மின் இணைப்பு இருந்தால், ஒரே கேபிளின் இரு நுனிகளைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள்களைப் போடுங்கள். எல்லாம் பார்த்தாயிற்று என்றால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அதிலும் விழுந்தால் கார்டையோ மதர்போர்டையோ குற்றம் சொல்லலாம், அதுவரை கூடாது.

பொறுமை வேண்டும் என்று சொல்வது இங்கே வெறும் உபதேசம் அல்ல, கணக்கு. வாரம் ஒருமுறை விழும் கணினி ஃபார்மட்டுக்குப் பிறகு இரண்டு நாள் விழாமல் இருந்தால் அது எதையும் நிரூபிப்பதில்லை. அந்த இரண்டு நாளில் பாதி நேரம் கேமைத் திரும்பப் பதிவிறக்குவதிலேயே போயிருக்கும். தினம் இருமுறை விழுவது ஒரு வாரம் விழாமல் இருந்தால்தான் மாற்றம் பலித்தது எனலாம். ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் தாக்குப்பிடித்தது என்பதையும் முழு நற்சான்றாகக் கொள்ள வேண்டாம். அது ஒரே சீரான சுமை. கேமின் சுமையோ காட்சிக்குக் காட்சி ஏறி இறங்குவது.

எஸ்.எம்.பி.எஸ்தான் குற்றவாளி என்று தெரிந்தாலும் அந்தப் பெட்டியை மட்டும் நீங்களே திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.