வெள்ளை நாயின் பாதை

குழந்தைகளே... நிலவில்லாத இரவில், கிராமத்து வானத்தில் பால் சிந்தியது போல் தெரியுமே, பால்வீதி. அதை, அமெரிக்காவின் சிக்கசா பழங்குடியினர், 'வெள்ளை நாயின் பாதை' என்கின்றனர்.

சிக்சா, சாட்டா என்ற சகோதரர்கள், தம் மக்களுடன் மேற்கிலிருந்து புறப்பட்டனராம். காவலுக்கு, ஒரு வெள்ளை நாய். இரவில் நட்ட புனிதக் கம்பு, விடிந்ததும் கிழக்கே சாய்ந்திருந்தால், நடக்க வேண்டும். மிசிசிப்பி ஆற்றைக் கடந்தபின், ஒருநாள் கம்பு நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று இருவருக்கும் தகராறு. எந்த வீட்டில் தான் இல்லை! சாட்டா தங்கிவிட, சிக்சா மேலும் நடந்தார். அவர் வழிவந்தோரே சிக்கசா மக்கள்.

கடந்த 1837 முதல், அமெரிக்க அரசு அவர்களை சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றியது. கதையில் கிழக்கே கடந்த அதே ஆற்றை, மேற்கே கடந்து, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போயினர். அங்கே, 1895ல் பிறந்த டே ஆட்டா என்ற பெண், தந்தையிடம் கேட்ட கதைகளை ஊர் ஊராக மேடையில் சொன்னார். 1933ல், வெள்ளை மாளிகையிலும் சொன்னார்.